ஆசிலோஸ்கோப் ஃபர்ம்வேர் பக்: தயாரிப்பாளருக்கு எழுதும் முன் எவ்வளவு சோதிக்கணும்?

அலைமுகடு
ஆசிலோஸ்கோப்பில் (மின் சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) புது ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றியதும் "ஆர்எம்எஸ் தப்பாகக் காட்டுது" என்று (ஆர்எம்எஸ் என்பது மாறும் மின்னழுத்தத்தின் பயனுறு அளவு) ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு தயாரிப்பாளருக்கு மெயில் அனுப்புகிறார்கள். அது வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. படிக்கிற பொறியாளரிடம் உங்கள் சர்க்யூட் கிடையாது. ஆனால் அவருடைய ஸ்கோப்பிலும் புரோப்பை (சிக்னலைத் தொட்டு எடுக்கும் கம்பி) சரிசெய்யும் முனை இருக்கும். பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ், 3 வோல்ட் அளவில் சதுர அலை. பிழையை அந்த முனையிலேயே வரவழைக்கப் பாருங்கள். வந்துவிட்டால் அவர் மேசையிலும் வரும்.

அதற்கு முன் ஸ்கோப்பை அரை மணி நேரம் ஓட விட்டு, எல்லா புரோப்பையும் கழற்றிவிட்டு செல்ஃப் கேலிப்ரேஷன் (ஸ்கோப் தன் அளவுகளைத் தானே சரிசெய்துகொள்வது). பிறகு எல்லா அமைப்பையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் டீஃபால்ட் பட்டன். அதிலிருந்து அழுத்துகிற ஒவ்வொரு பட்டனையும் வரிசையாக எழுதுங்கள். மூன்று தடவை அதே வரிசையில் அதே பிழை வந்தால்தான் மெயில்.

ஈயப்பற்று
ஒத்துக்க முடியல. காசு கொடுத்து வாங்கினவர் தலையில தரச்சோதனை வேலையையும் ஏன் கட்டணும்? எதைப் பார்த்தாரோ அதை எழுதட்டும், துருவிப் பார்க்கறது அவங்க வேலை. நீங்க போடற நிபந்தனையைப் படிச்சாலே பாதிப் பேர் எழுதாம விட்டுடுவாங்க, பக் அப்படியே அடுத்த பதிப்புக்கும் போகும்.

அலைமுகடு
ஈயப்பற்று, அதே ஆர்எம்எஸ் புகாரையே எடுத்துக்கொள்வோம். திரையில் கிடையாக 12 கட்டம் உள்ள ஸ்கோப், 0 முதல் 3 வோல்ட் வரை 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை, கட்டத்துக்கு 200 மைக்ரோசெகண்ட். திரையில் விழுவது 2.4 மில்லிசெகண்ட், அதாவது 2.4 சுற்று. அலை மேலேறும் இடத்தில் டிரிகர் (திரையில் அலையை நிறுத்திப் பிடிக்கும் புள்ளி), அதைத் திரையின் நடுவில் வைத்தால் 2.12 வோல்ட் காட்டும், சரியான விடை. கிடைநிலைக் குமிழை ஒரு கட்டம் ஒரு பக்கம் நகர்த்தினால் 2.29, மறுபக்கம் நகர்த்தினால் 1.94. சிக்னல் மாறவே இல்லை. திரையில் விழுந்த மேல்மட்ட நேரம் 1.2 மில்லிசெகண்டிலிருந்து 1.4 ஆகவோ 1.0 ஆகவோ மாறுகிறது, அவ்வளவுதான். திரை முழுவதையும் எடுத்து ஆர்எம்எஸ் போடுகிற ஸ்கோப் இப்படித்தான் காட்டும். மெனுவில் சைக்கிள் ஆர்எம்எஸ் (முழுச் சுற்றை மட்டும் எடுத்துப் போடுவது) இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். அதுவும் இதே மாதிரி ஆடினால் நிச்சயம் பக், நானே உங்களோடு சேர்ந்து எழுதுவேன்.

நாலாம்சேனல்
இதோடு இன்னும் இரண்டைச் சேர்க்கணும், புகாரில் அடிக்கடி வருபவை. 1 மெகா பாயிண்ட் மெமரி, கட்டத்துக்கு 100 மில்லிசெகண்ட், 12 கட்டம்: சாம்பிள் ரேட் (சிக்னலை எத்தனை தடவை அளக்கிறது என்பது) நொடிக்கு 833 ஆயிரமாக இறங்கிவிடும். அங்கே 1 மெகாஹெர்ட்ஸ் சைன் அலை 167 கிலோஹெர்ட்ஸ் மாதிரி திரையில் நிற்கும். அது ஏலியாசிங், போதிய தடவை அளக்காததால் தெரியும் போலி அலை. இரண்டாவது, நாலு சேனலுக்கும் ஒரே ஏடிசி (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) உள்ள மாடல்களில், நாலையும் போட்டால் நொடிக்கு 1 ஜிகா சாம்பிள் சேனலுக்கு 250 மெகாவாகப் பிரியும். அந்த நிலையில் வேகமான விளிம்புக்கு முன்னாலேயே ஒரு சிற்றலை தெரியும். இன்டர்போலேஷனை (அளந்த புள்ளிகளுக்கு இடையே ஸ்கோப் கணக்கிட்டு வரையும் கோடு) நிறுத்தி, புள்ளிகளை மட்டும் காட்டும் டாட்ஸ் முறைக்கு மாற்றுங்கள். சிற்றலை போய்விட்டால் அது சிக்னலிலும் இல்லை, பக்கும் இல்லை.

ஈயப்பற்று
கணக்கு சரிதான், அதை மறுக்கல. ஆனா திரை முழுக்க எடுத்துத்தான் ஆர்எம்எஸ் போடறோம்னு மேனுவல்ல எழுதாம விட்டிருந்தா? அதுவும் புகார்தான், ஆவணப் பிழைன்னு தலைப்புப் போட்டு அனுப்பணும். உங்க சல்லடையில அது கீழே விழுந்துடுது.

அப்புறம், அனலாக் சந்தேகமே இல்லாத பக்கும் இருக்கு. எஸ்சிபிஐ (கணினியிலேர்ந்து ஸ்கோப்புக்கு அனுப்பற கட்டளை மொழி) வழியா 1200 பைட் அலைத் தரவு கேட்கறோம். தலைப்பு #9000001200னு வருது: ஒரு குறி, இலக்க எண்ணிக்கைக்கு ஒரு 9, அப்புறம் ஒன்பது இலக்கம், ஆக 11 பைட். தரவு 1200, கடைசியில வரிமுடிவு 1. மொத்தம் 1212 வரணும். 1211 வந்தா, நம்ம புரோகிராம் முழுசாப் படிக்குதான்னு மட்டும் உறுதிப்படுத்திட்டு அன்னைக்கே எழுதலாம். இதுக்கு எதுக்கு அரை மணி நேரம் சூடு, செல்ஃப் கேலிப்ரேஷன்?

அலைமுகடு
இது நியாயம். ரிமோட் கட்டளைப் பிழைக்கு கேலிப்ரேஷன் தேவையில்லை, என் விதியிலிருந்து அதை எடுத்துவிடுகிறேன். ஆனால் யூஎஸ்பியிலும் லேனிலும் (நெட்வொர்க் இணைப்பு) தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். ஒவ்வொரு கட்டளைக்கும் பின் பிழை வரிசையையும் (ஸ்கோப் தன் பிழை எண்களைச் சேர்த்து வைக்கும் பட்டியல்) கேட்டு, வந்த எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள்.

எப்போதாவது வருகிற பிழைக்கு, ஸ்கோப் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது என்பது முக்கியம். ஃபர்ம்வேருக்குள் நேரத்தை எண்ணும் 32 பிட் மைக்ரோசெகண்ட் கவுண்டர் சுமார் 71.6 நிமிடத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பும். மில்லிசெகண்ட் கவுண்டர் என்றால் 49.7 நாள். "ஒரு மணி பத்து நிமிடம் தாண்டியதும் உறைகிறது" என்ற ஒரு வரி பத்து ஸ்கிரீன்ஷாட்டை விட உதவும்.

ஈயப்பற்று
சரி, எங்கே எழுதறது? நான் பொதுவில எழுதணும்னு சொல்வேன். 2014ல ரைகோல் டிஎஸ்1000இசட் வரிசையில அலை நடுங்குதுன்னு பேச்சு வந்தப்போ, பயனர்கள் வெளிப்படையா ஒப்பிட்டுப் பார்த்து சாம்பிள் கடிகாரம் தர்ற பிஎல்எல் (கடிகாரத் துடிப்பைச் சீரா வைக்கற சுற்று) வரைக்கும் காரணத்தைத் துரத்தினாங்க. அப்புறம் ஃபர்ம்வேர்லயே திருத்தம் வந்தது. தனி மெயில்ல இருந்திருந்தா வேறு வேறு போர்டு பதிப்புகளை ஒப்பிட முடியுமா?

நாலாம்சேனல்
பொதுவில் எழுதுங்கள், ஆனால் ஐடிஎன் வினவலின் (ஸ்கோப்பிடம் அதன் அடையாளத்தைக் கேட்கும் கட்டளை) பதிலை அப்படியே ஒட்டாதீர்கள். அதில் தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு என நாலு விவரம் வரும். சீரியல் எண்ணை அழித்துவிட்டு மற்ற மூன்றையும் போடுங்கள். போர்டு பதிப்பு அந்தப் பதிலில் வராது, சிஸ்டம் தகவல் மெனுவில் தேடணும். முழு சீரியல் எண், செட்டப் கோப்பு, மெமரியின் முழுத் தரவு எல்லாம் தயாரிப்பாளருக்குத் தனியாகப் போகட்டும்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் வசதியை (ஆப்ஷன்) காசு கட்டாமல் திறந்திருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டு பிழையைத் திரும்ப வரவழையுங்கள். இல்லாவிட்டால் அதையே காரணம் காட்டி புகாரை மூடிவிட அவர்களுக்கு வழி கிடைக்கும்.

அலைமுகடு
பொதுவில் எழுதுவதற்கு நான் எதிரி இல்லை, வரிசையில்தான் எனக்கு வேறு கருத்து. முதலில் அவர்களுக்கு மெயில், புகார் எண் வாங்கியதும் அந்த எண்ணோடு பொதுவில். அப்போதுதான் அடுத்து எழுதுகிறவர் அதே எண்ணைச் சுட்ட முடியும்.

ஈயப்பற்று
எண் வரலைன்னா எத்தனை நாள் காத்திருக்கறது? ஒரு வாரத்துக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன். தப்பான அளவை நம்பி ஒருத்தர் பவர் சப்ளை டிசைனை முடிச்சிடக்கூடாது.

இன்னொண்ணு, திருத்தம் வந்ததும் உடனே ஏத்தாதீங்க. பழைய ஃபர்ம்வேர் கோப்பு கையில இருக்கா, அந்த மாடல் பின்னோக்கிப் போக விடுமான்னு முதல்ல பாருங்க. ஏத்தின பிறகு அதே செட்டப் கோப்பு, அதே பட்டன் வரிசை, அதே 1 கிலோஹெர்ட்ஸ் முனை. புதுப் பதிப்பு பழைய செட்டப் கோப்பைத் திறக்க மறுத்தா, அதுக்குத் தனியா ஒரு புகார் போடணும், பழைய எண்ணோட சேர்க்கக் கூடாது.