புதுப்பிப்பு: பாலை நிறுத்தியும் வயிறு உப்பியது ஏன்?
பாலை அடியோடு நிறுத்திய பிறகும் வயிற்று உப்புசமும் இரைச்சலும் தொடர்வது ஏன் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸின் கரைசலைக் குடிக்கவைத்து, அரை மணிக்கொரு முறை ஒரு குழாயில் ஊதச் சொன்ன மூச்சுப் பரிசோதனையில் விடை கிடைத்தது. சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் நொதி குறைவாக இருப்பதால், பிளவுபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து, மூச்சில் ஹைட்ரஜனாக வெளிப்படுகிறதாம். இந்தக் குறைபாட்டைச் சென்ற மாதப் பதிவில் 'பால் அலர்ஜி' என்று நான் எழுதியது தவறு. அலர்ஜி என்பது பால் புரதத்துக்கு எதிராக நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினை.

உண்மையான குற்றவாளி, நான் பாலுக்குப் பதிலாகத் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டும் பாக்கெட் சூப்பும்தான். உறையின் பின்புறப் பொடியெழுத்தில் 'மில்க் சாலிட்ஸ்' (பாலின் திடப்பொருள்), 'வே பவுடர்' (பால் திரிந்தபின் பிரியும் நீரின் பொடி) என்றிருந்ததை நான் கவனிக்கவேயில்லை. கொழுப்பு நீக்கிய பால் பவுடரின் எடையில் ஏறத்தாழ பாதி லாக்டோஸ்தான். மாறாக, நான் அஞ்சி ஒதுக்கிய நாட்பட்ட கெட்டிச் சீஸில் அது மிகக் குறைவு. தயிரிலோ, அதிலுள்ள பாக்டீரியாக்களே செரிமானத்துக்கு உதவுகின்றன.

ஒரு கோப்பைப் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருப்பதால், இப்போது கால் கோப்பையை உணவோடு சேர்த்துக் குடித்துப் பார்க்கிறேன், இதுவரை தொந்தரவில்லை.