மட்டக்களப்பிலிருந்து அமெரிக்கக் கல்லூரி பேஸ்போலுக்கு: எங்கிருந்து தொடங்குவது?

கல்லடி மாமா:
மருமகன் 11ஆம் தரம், பாடசாலை அணியில் வலக்கை பிட்சர் (பந்து வீசுபவர்). அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் விளையாடிக்கொண்டே படிக்க ஆசைப்படுகிறான். மூன்று விஷயம் தெரிய வேண்டும். டிவிஷன் வன் (மேல்மட்டப் பிரிவு) கல்லூரிகளுக்குத்தான் எழுத வேண்டுமா? ஏ.எல் (உயர்தரம்) முடியும்வரை பொறுத்தால் பிந்திவிடுமா? ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தந்தால் அந்தத் தொகையில் 15 வீதம் வேண்டும் என்று ஒரு முகவர் கேட்கிறார், கொடுக்கலாமா?

இடக்கை பிட்சர்:
அண்ணன், முகவரை இன்றைக்கே விடுங்கள். கிடைக்கும் ஸ்கொலர்ஷிப்பை வைத்துக் கட்டணம் வாங்குவதை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி அனுமதிக்காது. அப்படிப்பட்டவரை முகவராகக் கணக்கெடுத்துவிட்டால் பிள்ளையின் அமெச்சூர் (காசுக்கு விளையாடாதவர்) தகுதிதான் அடிபடும். நிலையான கட்டணச் சேவைகளுக்குத் தடையில்லை. ஆனால் அவர்கள் செய்வதும் ஈமெயில் அனுப்புவதுதான், அதைப் பிள்ளையே எழுதினால் கோச் கூடுதல் மதிப்புக் கொடுப்பார்.

டிவிஷன் வன் இப்போது முன்னரைவிடக் கடினம். 2025-26 முதல், நீதிமன்ற இணக்கப்பாட்டால் வந்த புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 34 பேர்தான். பழைய 11.7 ஸ்கொலர்ஷிப் எல்லை அங்கே நீங்கிவிட்டது உண்மை. ஆனால் வேறு கல்லூரிகளில் ஏற்கனவே விளையாடி மாறி வரும் 20, 21 வயதுக்காரருக்கே அந்த இடங்களில் பல போகின்றன. நேரில் பார்க்காத பிள்ளைக்கு அங்கே இடம் கிடைப்பது மிக அரிது.

என் அபிப்பிராயம், இரண்டு வருடக் கல்லூரியான ஜூனியர் கொலிஜில் தொடங்குங்கள். அவற்றின் அமைப்பான என்.ஜே.சி.ஏ.ஏ.வில் டிவிஷன் வன் அணிக்கு 24 ஸ்கொலர்ஷிப் வரை உண்டு, தங்குமிடமும் சாப்பாடும் அதில் அடங்கலாம். அதே அமைப்பின் டிவிஷன் டூ என்றால் கல்விக் கட்டணமும் புத்தகமும் மட்டும். இரண்டு வருடம் விளையாடிவிட்டு நான்கு வருடக் கல்லூரிக்கு மாறலாம். அடுத்தது என்.ஏ.ஐ.ஏ. என்ற இன்னொரு கல்லூரி விளையாட்டு அமைப்பு, அணிக்கு 12. என்.சி.ஏ.ஏ. டிவிஷன் டூவில் 9, அதையும் பலருக்குப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் இல்லை. ஆனால் படிப்பில் கெட்டிக்காரன் என்றால் அங்கே கிடைக்கும் கல்வி உதவி சில வேளை மற்ற இடங்களின் பாதி ஸ்கொலர்ஷிப்பை விடப் பெரிது. அமெரிக்க அரசின் மாணவர் உதவி வெளிநாட்டவருக்கு இல்லை என்பதால் ஒவ்வொரு கோச்சிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: எல்லா உதவியும் கழித்து வருடத்துக்கு எங்கள் கையிலிருந்து எவ்வளவு?

வேகம் எவ்வளவு? ஃபாஸ்ட்போல் (வேகப் பந்து) மணிக்கு 80 மைலுக்கு, அதாவது 129 கிலோமீற்றருக்குக் குறைவென்றால் பெரும்பாலான கோச்மார் பதில் எழுதமாட்டார்கள். 85ஐத் தாண்டினால் ஜூனியர் கொலிஜ் கோச்மார் பேசத் தொடங்குவார்கள்.

கல்முனைக்குடி:
ஏ.எல் கேள்விக்கு என் பதில். பாடசாலைப் படிப்பு முடிந்திருக்க வேண்டிய திகதியை என்.சி.ஏ.ஏ. எலிஜிபிலிட்டி சென்டர் (தகுதி மையம்) தானே தீர்மானிக்கும். டிவிஷன் வன்னில் அந்தத் திகதிக்குப் பிறகு ஒரு வருடம் அவகாசம். அதற்குப் பின்னும் ஒழுங்கமைக்கப்பட்ட போட்டிகளில் விளையாடினால் விளையாடும் வருடங்கள் குறையும். அந்தத் திகதியை ஓ.எல்லில் (சாதாரண தரம்) வைப்பார்களா ஏ.எல்லில் வைப்பார்களா என்பதில்தான் நம்முடைய பிள்ளைகளுக்குச் சிக்கல் வரும். ஊகிக்காதீர்கள் மாமா. அந்த மையத்தில் கணக்குத் திறந்து, எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். பதில் வரும்வரை ஓ.எல்லுக்குப் பிந்திய கழகப் போட்டிகளில் அவசரப்பட்டுப் பதியவும் வேண்டாம்.

கோச் கேட்கும், பாடசாலை முடிக்கும் வருடத்தை எல்லா ஈமெயிலிலும் ஒன்றாகவே எழுதட்டும். ஒருவருக்கு ஒரு வருடம், இன்னொருவருக்கு வேறு வருடம் என்றால் நம்பிக்கை போய்விடும்.

9ஆம் தரத்திலிருந்து தவணைப் புள்ளி அறிக்கைகள், ஓ.எல் பெறுபேறு இரண்டையும் ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள். தமிழில் மட்டும் உள்ளவற்றுக்கு உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பு வேண்டும். மூலப் பிரதியையும் கூடவே அனுப்ப வேண்டும். டிவிஷன் வன்னுக்கு அடிப்படைப் பாடங்களில் சராசரி 4க்கு 2.3, டிவிஷன் டூவுக்கு 2.2. சாட் என்ற கல்லூரி நுழைவுப் பரீட்சையை என்.சி.ஏ.ஏ. 2023இலிருந்து கேட்பதில்லை, ஆனால் சில கல்லூரிகள் அனுமதிக்குக் கேட்கும். ஆங்கிலத் தேர்வு தனி. என்.ஏ.ஐ.ஏ.வுக்கு வேறு தகுதி மையம், வேறு பதிவு. கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் உள்ள எடியுகேஷன் யூ.எஸ்.ஏ. என்ற அமெரிக்கப் படிப்பு வழிகாட்டி நிலையத்தின் ஆலோசனையை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கல்லடி மாமா:
இருவருக்கும் நன்றி. முகவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோச் நேரில் வரமாட்டார் என்றால் வீடியோதான் எல்லாம். வெபர் மைதானத்தில் பிட்சிங் மேடு இல்லை, வேகம் அளக்கும் கருவியும் இல்லை. எப்படி எடுப்பது?

இடக்கை பிட்சர்:
மேட்டைத் தச்சரிடம் பலகையில் செய்விக்கலாம். உயரம் 10 அங்குலம். பிட்சர் கால் வைக்கும் றப்பர் பட்டை 24க்கு 6 அங்குலம். அதற்கு 6 அங்குலம் முன்னால் சரிவு தொடங்கி அடிக்கு 1 அங்குலம் இறங்க வேண்டும். றப்பரின் முன் விளிம்பிலிருந்து ஹோம் பிளேட்டின் (அடிப்பவர் பக்கத்தில் தரையில் உள்ள தட்டு) பின்முனைக்கு 18.44 மீற்றர், நாடா பிடித்து அளவுங்கள். தூரம் குறைந்திருந்தால் அனுபவமுள்ள கோச் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். சமதரையில்தான் வீசுகிறான் என்றால் அதை வீடியோவிலேயே எழுதுங்கள்.

கையடக்க ரேடார் ஒன்றை இரவலுக்காவது தேடுங்கள். கெச்சருக்கு (பந்தைப் பிடிப்பவர்) நேர் பின்னால் வைத்து அளக்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். கிரிக்கெட் பந்தில் அளந்த எண்ணை அனுப்பவே வேண்டாம், அது எடை கூடியது, வேறு பந்து. எண் தெரியும் திரையும் பந்து வீச்சும் ஒரே காட்சியில் வர வேண்டும்.

இரண்டு கோணம் போதும்: கெச்சருக்குப் பின்னால் ஒன்று, வலக்கை என்பதால் மூன்றாம் பேஸ் பக்கம் (பிட்சரின் வலப்பக்கம்) ஒன்று. ஃபாஸ்ட்போல் எட்டு, மற்ற வகை வீச்சுகள் ஐந்தைந்து. வெட்டாமல் விடுங்கள், தவறிப்போன வீச்சும் இருக்கட்டும். நல்லதை மட்டும் பொறுக்கி ஒட்டிய வீடியோவைக் கோச் நம்பமாட்டார். பாட்டு, மெதுவோட்டம் ஒன்றும் வேண்டாம். மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும். முதல் திரையில் பெயர், பாடசாலை முடிக்கும் வருடம், அடியிலும் அங்குலத்திலும் உயரம், இறாத்தலில் எடை.

ஈமெயிலின் தலைப்பிலேயே வருடம், வலக்கை பிட்சர், வேகம், இலங்கை என்று வந்துவிட வேண்டும். உள்ளே ஆறேழு வரி, யூரியூப் இணைப்பு, ஓ.எல் பெறுபேறு, அந்தக் கல்லூரியில் என்ன படிக்கப் போகிறான் என்பது. ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு ஒன்றாகத் தள்ளிவிட்டால் குப்பைக்குத்தான் போகும். தலைமைக் கோச்சோடு பிட்சிங் கோச்சுக்கும் தனியாக எழுதட்டும். பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மே வரை அவர்களுக்குப் போட்டிக் காலம், பதில் தாமதமாகும். ஜூன் முதல் நவம்பர் வரை எழுதுவது நல்லது. ஒக்டோபர் முடியும்வரை அழைப்பு வந்தால், இங்கே இரவு 7 மணி அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9.30.

வாய்ச்சொல்லை நம்பி விசாவுக்கு ஓடாதீர்கள். பழைய தேசிய ஒப்பந்தக் கடிதம் 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டது, இப்போது கல்லூரி தரும் எழுத்து மூல நிதி உதவி ஒப்பந்தம்தான் கணக்கு. அதன் பிறகு விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பத்துக்கு 185 டொலர். ஐ-20க்கு முதல் வருடச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். ஸ்கொலர்ஷிப் போக மீதிக்கு வங்கிக் கடிதத்தை இப்போதே யோசியுங்கள்.

கல்முனைக்குடி:
ஒன்று விடுபட்டுவிட்டது. எஃப்-1 மாணவர் விசாவில் போகும் பிள்ளை, பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து அங்கே காசு வாங்குவது விசா விதியோடு மோதலாம். அமெரிக்கப் பிள்ளைகள் வாங்குகிறார்களே என்று இவனும் கையொப்பம் வைக்கக்கூடாது. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் கேட்கட்டும்.