நல்லூர்க் கட்டியத்தில் சங்கபோதி எப்படி வந்தார்?

முள்ளியவளையான்:
இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு விடியப்புற பஸ்ஸில் போனேன். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றபோது, சாமிக்கு முன்னால் உரக்கப் புகழ்பாடிக் கட்டியம் சொல்பவர் ‘ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு’ என்று இழுத்தது தெளிவாகக் கேட்டது. சங்கபோதி சிங்கள அரசர் சூடும் பட்டம் அல்லவா? பக்கத்தில் நின்றவர், “யாழ்ப்பாணத்தைப் பிடித்தவன்” என்றார். அம்மம்மாவைக் கேட்டால், “கதையாமல் கும்பிடு” என்று அதட்டல். ஆள் யார்? அவர் வந்தபோது நம் வன்னியர்கள், அதுதான் வன்னிக் காட்டை ஆண்ட சிற்றரசர்கள், யார் பக்கம்?

பனங்காமத்துக் கிழவன்:
தம்பி, அது செண்பகப் பெருமாள். சிங்களத்தில் சபுமல் குமாரயா. சபுமல் என்றாலும் செண்பகப்பூதான். தெற்கே கோட்டை என்ற சிங்கள இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன். 1450இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார். யாழ்ப்பாண அரசன் கனகசூரிய சிங்கையாரியன் பிள்ளைகளோடு இந்தியாவுக்குத் தப்பிப் போனான். அப்புறம் 17 வருடம் இவர் கையில்தான் வடக்கு.

வளர்ப்பு மகன் என்றேன் பார், சிக்கலே அங்கேதான். பராக்கிரமபாகு 55 வருடம் ஆண்டு 1467இல் கண்ணை மூட, முடி மகள் வயிற்றுப் பேரனுக்குப் போனது. நாடு பிடித்துக் கொடுத்தவன் சும்மா இருப்பானா? படையோடு தெற்கே இறங்கி, பேரனைக் கொன்று, ஆறாம் புவனேகபாகு என்று முடிசூடினார். அங்கேயும் நிம்மதி இல்லை. சிங்களவர் கலகம் செய்தார்கள். அடங்கியவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்து அவர் வெட்டுவித்த கல்வெட்டு தெதிகமவில் இருக்கிறது. அவருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த மகனை அம்புலுகல குமாரன் கொன்று தானே அரசனானான். இங்கே தலைநகர் நல்லூர் காலியான கையோடு கனகசூரியன் திரும்பி வந்துவிட்டான்.

வன்னியர் கதைக்கு வருகிறேன். தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவன் நம் காட்டைத் தாண்டாமல் போக முடியாது. அதனால் கோட்டை முதலில் வன்னிமைகளைத்தான் அடக்கித் திறை கட்ட வைத்தது. எங்கள் பற்றுக்கு, அதாவது பகுதிக்கு, அடங்காப்பற்று என்று பேர் வைத்தது சும்மா இல்லை. கை ஓங்கியவனுக்குத் திறை, கை தளர்ந்தால் பாராமுகம். என் கணக்கில் அது துரோகம் இல்லை, பிழைப்பு.

வல்லை வெளி:
ஐயா, ஒரு குறுக்குக் கேள்வி. யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூல், கோயிலைக் கட்டியவர் யாழ்ப்பாணத்தின் முதல் சிங்கையாரிய அரசனின் மந்திரி புவனேகவாகு என்கிறதே, மதுரையிலிருந்து வந்தவராம். அப்படியென்றால் கட்டியம் அந்த மந்திரிக்குத்தானே?

பனங்காமத்துக் கிழவன்:
மந்திரிக்கு எதற்குப் பிள்ளாய் சங்கபோதிப் பட்டம்? அது முடிசூடியவன் வைத்துக்கொள்வது. இரண்டு புவனேகர் ஒன்றாகக் குழம்பிப் போயிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பட்டது. செண்பகப் பெருமாள் கோயிலைக் கட்டினாரோ திருத்தினாரோ, அதில் நான் சண்டைக்கு வரமாட்டேன். எதுவாக இருந்தாலும் நீங்கள் கும்பிட்டது அந்தக் கட்டடம் இல்லை. 1621இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டான். கட்டியம் மட்டும் வாய்வழியாகத் தப்பியிருக்கிறது.

முள்ளியவளையான்:
நன்றி ஐயா. கச்சான் உடைத்துக்கொண்டிருந்த அம்மம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். போர், திறை, பட்டம் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒரு இடத்தில் மட்டும் கை நின்றது. “வளர்த்தவற்றை மகளின்ரை பிள்ளையோ? அப்ப மருமோனையெல்லோ கொண்டிருக்கிறான்!” அடுத்த வருடம் கட்டியத்தில் அந்தப் பேர் வரும்போது காதைப் பொத்திக்கொள்வாராம்.