காட்டுத் துண்டுகளை இணைக்கும் நடவு: நிலம் தருவோருக்கு வருமானம் எங்கிருந்து வரும்?

வேலியோரம் (கேள்வி):
வணக்கம். இரண்டு மழைக்காட்டுத் துண்டுகளுக்கு நடுவே சிறு விவசாயிகளின் மேய்ச்சல் நிலம் கிடக்கிறது. அதன் ஊடாக மரம் நட்டு இரண்டையும் இணைக்க ஒரு குழுவாக எண்ணியுள்ளோம். நிலம் தர முன்வருவோரோ, மரம் வளரும் வரை எதை உண்பது என்று கேட்கிறார்கள். விரைவில் விலை போகும் தைலமரத்தை நட்டால் காடும் ஆயிற்று, காசும் ஆயிற்று என்று சிலர் சொல்வது சரியா?

நாற்றங்கால்:
காசு ஆகலாம், காடு ஆகாது. பழந்தின்னிப் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் தைலமரத்தில் சதைப்பழம் இல்லை. அவை வந்து தங்காவிட்டால் எச்சத்தோடு விதையும் வராது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தோன்றி, தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களிலிருந்து வளர்த்தெடுத்த முறையில், நிழலால் புல்லை அடக்குபவையும் இளவயதிலேயே காய்ப்பவையுமான 20 முதல் 30 இயல் மர இனங்கள் (அந்தந்த மண்ணுக்கே உரியவை) நடப்படுகின்றன. மற்ற இனங்களைப் பறவைகளும் விலங்குகளும் கொண்டு சேர்க்கின்றன.

வருமானத்தின் முதல் வாசல் விதைதான். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை உலர்ந்தால் செத்துவிடும் என்பதால் நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்க இயலாது. விழுந்த சில நாட்களுக்குள் பொறுக்கி, சதையைக் கழுவி, ஈரம் காயாமல் நிழலில் ஊன்றியாக வேண்டும். எந்த மரம் எப்போது காய்க்கும் என்று அறிந்தவர்கள் ஊரார்தான். அந்த அறிவுக்கும் சேர்த்தே விலை வையுங்கள்.

பசுங்கரை:
பிரேசிலின் பொன்டால் டோ பரனபனேமா பகுதியைப் பாருங்கள். அற்றுப்போனதாகக் கருதப்பட்டு 1970இல் மீண்டும் காணப்பட்ட கருஞ்சிங்க டாமரின் குரங்கின் காடுகளை இணைக்க, அங்கே இப்பே என்னும் நிறுவனம் நடவு செய்து வருகிறது. நிலச்சீர்திருத்தத்தால் குடியேறிய குடும்பங்கள் நாற்றங்கால் நடத்தி நாற்று விற்கின்றன. தங்கள் நிலத்தில் இயல் மரங்களுக்கிடையே காப்பியும் பயிரிடுகின்றன. அப்பகுதியின் பண்ணைகள் 20 விழுக்காடு நிலத்தை இயற்கைத் தாவரங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று வனச்சட்டம் கூறுவதால், நாற்றுக்குத் தேவையும் எழுகிறது. வாங்குவோர் யார் என்று தெரியாமல் நாற்றங்கால் தொடங்கிவிடாதீர்கள்.

ஒற்றையடி:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் நாற்றங்காலோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. எங்கள் முதல் நடவில் குழி எடுப்பதற்கும் நடுவதற்கும் மட்டுமே கூலி ஒதுக்கினோம். மழை ஓய்ந்து போய்ப் பார்த்தபோது புல் இடுப்பளவு எழுந்திருந்தது. நாற்றைக் காண முதலில் அடையாளக் குச்சியைத் தேட வேண்டியிருந்தது. அடுத்த நடவில் மூன்றாண்டுக் களையெடுப்பை நிலம் தந்த குடும்பங்களுக்கே ஒப்படைத்து, ஆண்டுதோறும் உயிரோடுள்ள நாற்றுகளை எண்ணிப் பணம் கொடுத்தோம். மரம் வளரும் வரை எதை உண்பது என்ற கேள்விக்கு அதுவே ஓரளவு விடையாயிற்று.

மேய்ச்சல் நிலம் என்பதால் இன்னொன்று: வேலி போட்டால் மாடுகள் ஓடைக்குப் போகும் வழி அடைபடலாம். வேலிக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி கட்டும் செலவையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். பழமும் காப்பியும் வேண்டுவோர் அவற்றை இரு காடுகளை இணைக்கும் நடவின் விளிம்பில் வைத்துக்கொள்ளட்டும். எதுவரை அறுவடை செய்யலாம் என்பதை நடவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது.