பனிக்கடல் ஊர்க்காரர்களைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

முதுநகர் மாலுமி:
பயணிகள் கப்பலில் சமையல் வேலை. வடதுருவத்தை ஒட்டிய நார்வே தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில், லாங்யர்பியன் ஊர்த்துறையில் கப்பல் நின்றபோது ஒரு பழைய சுரங்கத் தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். நார்வேக்காரர்கள் அங்கே நடத்திவந்த கடைசி நிலக்கரிச் சுரங்கமும் 2025இல் மூடப்பட்டிருந்தது. மின்நிலையப் புகைபோக்கியைக் காட்டினார். "2023இல் கரியை நிறுத்தினார்கள். இப்போது எரிவது டீசல். அதுவும் கப்பலில்தான் வருகிறது, நீங்களும் கப்பலில்தான் வருகிறீர்கள். பனி உருகியதற்கு நான் மட்டுமா காரணம்?" கையுறையைக் கழற்றியிருந்தார். விரல் முட்டியில் பழைய காயத்துக்குள் கரித்தூள் புதைந்து நீலமாகத் தெரிந்தது. கோபமே இல்லை, பதிலுக்காகக் காத்து நின்றார். நான் வாய் திறக்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

வீராம்பட்டினம் செல்வி:
எங்கள் ஊருக்கே ஒருவர் வந்தார், அண்ணா. கிரீன்லாந்தின் இலுலிசாட் மீனவர். ஆரோவில்லில் தங்கியிருந்த மகளைப் பார்க்க வந்தவர், எங்கள் அப்பா வலை பின்னுவதைப் பார்த்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அறுந்த கண்ணியை எடுத்து, கேட்காமலேயே முடிச்சுப் போட்டார். அப்பா இழுத்துப் பார்த்தார், நழுவவில்லை.

முன்பெல்லாம் உறைந்த கடலில் நாய்வண்டி ஓட்டிப்போய், பனியில் துளையிட்டுத் தூண்டில் வரிசை இறக்குவார்களாம். இப்போது பல குளிர்காலங்களில் கடல் சரியாக உறைவதில்லை. படகிலேயே போகிறார்கள். மீன் கிடைக்கிறது, வருமானமும் உண்டு. "நாய்களுக்குத்தான் வேலை இல்லை" என்று மகள் வழியாகச் சொன்னார். அவர் வீட்டில் இப்போது ஒரு நாயும் இல்லையாம். சொல்லும்போது அப்பாவைத்தான் பார்த்தார்.

சில்வர் பீச் நடையன்:
மாலுமித் தம்பி, அந்தப் பெரியவரின் கேள்வியை அப்படியே ஏற்க முடியாது. அந்த ஊரிலேயே 2015 டிசம்பரில் பனிச்சரிவு வீடுகள் மேல் விழுந்து இருவர் இறந்தார்கள். நிரந்தரமாக உறைந்திருந்த நிலமும் வெப்பம் கூடி இளகுகிறது. கரியைத் தொடர்ந்திருந்தால் ஊர் பிழைத்துவிடுமா?

நான் சந்தித்தது ஒரு நார்வே மாலுமியை, சென்னைத் துறைமுகத்தில், ஒரு தேநீர் நேரம். அவர் சொல்லித்தான் ஆர்க்டிக் மீன்பிடி ஒப்பந்தம் பற்றித் தெரிந்தது. செல்வி, உங்கள் விருந்தாளியின் இலுலிசாட்டில்தான் 2018இல் கையெழுத்தானது, 2021இல் நடைமுறைக்கு வந்தது. ஆர்க்டிக்கின் நடுக்கடலில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பகுதியில், 16 ஆண்டுகளுக்கு வணிக மீன்பிடிப்பு கிடையாது. முதலில் ஆய்வு, பிறகுதான் வலை. பனி விலகி மீன்பிடிப்பு தொடங்கும் முன்பே போட்ட கட்டுப்பாடு இது!

நம் கடலூரில் எல்லாம் தலைகீழ். மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலை வந்து, மீன் குறைந்து, ஊருக்கு ஊர் பகை மூண்ட பிறகுதான் பேச உட்காருகிறோம். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பிள்ளைகள் இன்றே ஒன்று செய்யுங்கள். தினமும் ஏலத்துக்கு வரும் மீனின் வகை, நீளம், எடை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். தடைக்காலத்துக்கு முன்பும் பின்பும் விடாமல் எழுதுங்கள். அதிகாரிகளிடம் போகும்போது குரலோடு அந்த நோட்டும் போகட்டும். கிரீன்லாந்தின் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு மீன்தான். அங்கும் மீன் கணக்கு இல்லாமல் பிழைப்பு இல்லை.

முதுநகர் மாலுமி:
ஐயா, கரி வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. தன் வேலை போனது நியாயம் என்றே சொன்னார். எங்கள் கப்பலின் புகை யார் கணக்கில் என்றுதான் கேட்டார். 2025 முதல் ஸ்வால்பார்டின் காப்புப் பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகக் கூடாது. எங்கள் கப்பல் அதைவிடப் பெரியது, ஊர்த்துறையோடு சரி. எனக்குச் சம்பளம் குறையலாம், ஆனாலும் அந்த விதி வேண்டும். செல்வி, அந்த முடிச்சின் படம் இருந்தால் போடுங்கள்.