நியூயார்க் மாநகராட்சி வேலைக்கு சிவில் சர்வீஸ் தேர்வு: எங்கிருந்து தொடங்குவது?

பெல்ரோஸ்_மீனா கேட்டது:

வணக்கம். கிரீன் கார்டு வந்து எட்டு மாதம் ஆகிறது, குயின்ஸில் இருக்கிறோம். ஊரில் பி.ஈ. சிவில் முடித்து ஒன்பது வருடம் குடிநீர்க் குழாய் வேலைகளில் சைட் இன்ஜினியராக இருந்தேன். மாநகர வேலைவாய்ப்புத் தளத்தில் எனக்கு அப்படியே பொருந்துகிற வேலை ஒன்றைப் பார்த்து ஆசையாக விண்ணப்பிக்கப் போனால், அந்தப் பதவியில் நிரந்தரமாக இருப்பவரோ அதன் தேர்வுப் பட்டியலில் இருப்பவரோதான் விண்ணப்பிக்கலாம் என்று கீழே போட்டிருக்கிறது. சரி, தேர்வை எழுதிவிடலாம் என்று தேடினால் அந்தத் தேர்வுக்கு இப்போது விண்ணப்பமே வாங்கவில்லையாம். வேலை இருக்கிறது, தேர்வு இல்லை! டிஎன்பிஎஸ்சி போல காலியிடம் அறிவித்து அதற்குத் தேர்வு வைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு 38 வயது, இன்னும் சிட்டிசன் இல்லை. இதெல்லாம் தடையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பாலம்_பார்ப்பவன்:

வணக்கம் மீனா. நான் மாநகரத் துறை ஒன்றில் பதினோரு வருடமாக இருக்கிறேன். முதலில் டிஎன்பிஎஸ்சி கணக்கை மறந்துவிடுங்கள். இங்கே தேர்வு காலியிடத்துக்கு அல்ல, பதவிப் பெயருக்கு. டிகாஸ் என்கிற மாநகர நிர்வாகத் துறைதான் தேர்வு நடத்துகிறது. எந்தத் தேர்வுக்கு எந்த மாதம் விண்ணப்பம் என்று அட்டவணை போடுவார்கள். விண்ணப்பக் காலம் பெரும்பாலும் சில வாரங்கள்தான், விட்டால் அடுத்த முறை வர வருடக்கணக்கில் ஆகலாம்.

எழுதி முடித்த பிறகுதான் பொறுமை வேண்டும். பாஸ் செய்தவர்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி ஒரு பட்டியல் வெளியிடுவார்கள், அதில் உங்களுக்கு ஒரு லிஸ்ட் நம்பர் வரும். அது வரவே பல மாதம் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம். வெளியானபின் பட்டியலுக்கு ஆயுள் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் நான்கு. அந்தக் காலத்துக்குள் எந்தத் துறைக்கு அந்தப் பதவியில் ஆள் தேவைப்பட்டாலும் பட்டியலின் மேலிருந்து வரிசையாகக் கூப்பிடுவார்கள். ஒரு இடத்துக்கு, வரிசையில் முன்னால் இருக்கும் மூன்று பேரில் ஒருவரை எடுக்கலாம். முதல் ஆளை விட்டு மூன்றாம் ஆளை எடுக்க அனுமதி உண்டு, நாற்பதாம் ஆளுக்குத் தாவ முடியாது. ஒரே துறை உங்களை மூன்று முறை பார்த்துவிட்டு எடுக்கவில்லை என்றால், அந்தத் துறை மறுபடி கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. மற்ற துறைகளுக்கு உங்கள் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். வேலை கிடைத்த பிறகு, பெரும்பாலான பதவிகளுக்கு ஒரு வருடம் புரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஒரு காலத்தில் டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பின் அரசியல்வாதிகள் கை காட்டியவருக்குத்தான் இந்த ஊரில் வேலை. அதை உடைக்க 1883இல் மாநிலச் சட்டம் வந்தது. 1894இல், முடிந்தவரை போட்டித் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இங்கே யாரையும் தெரியாமல் வந்து இறங்கிய என்னைப் போன்றவனுக்கு அந்த வரிசைதான் கைகொடுத்தது, மனதார நம்பிச் சொல்கிறேன்.

வயதை நினைத்துக் கவலை வேண்டாம், போலீஸ், தீயணைப்பு மாதிரி சில வேலைகளுக்குத்தான் உச்ச வரம்பு. சிட்டிசன் கேள்வியும் அப்படித்தான். போலீஸ் அதிகாரிக்குக் குடியுரிமை வேண்டும், உங்கள் பதவிக்கு இங்கே வேலை செய்யும் அனுமதி இருந்தால் போதும்.

ஜமைக்கா_ரவி:

மேலே அண்ணன் சொன்னதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கான அறிவிப்பை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பட்டியல் இல்லாதபோது துறைகள் தேர்வில்லாமல் தற்காலிகமாக ஆள் எடுக்கும், ப்ரொவிஷனல் என்பார்கள். அப்படி நான் ஒரு துறையில் இரண்டு வருடம் இருந்தேன். நல்ல பெயர், மேலதிகாரிக்கு என்னைப் பிடிக்கும். தேர்வு வந்தபோது சடங்கு என்று நினைத்துக்கொண்டேன். அது ஹாலில் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு இல்லை, படிப்பையும் அனுபவத்தையும் கேள்வித்தாளில் நிரப்பி அனுப்புகிற வகை. குறைந்தபட்சத் தகுதி இருந்தால் 70, அதற்கு மேல் ஒவ்வொரு வருட அனுபவத்துக்கும் கூடுதல் படிப்புக்கும் மதிப்பெண் ஏறும். கோயம்புத்தூரில் பார்த்த ஆறு வருட வேலையை இங்கே யார் மதிக்கப்போகிறார்கள் என்று நினைத்து எழுதவே இல்லை. எழுதாததற்கு யார் மதிப்பெண் போடுவார்? ரிசல்ட் வந்தபோது லிஸ்ட் நம்பர் அறுநூற்றுச் சொச்சம்.

பட்டியல் வெளியாகி நான்காவது மாதம், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு பட்டியலில் எனக்கு மேலே இருந்த ஒரு பெண் வந்தார். வெள்ளிக்கிழமை மதியம் என் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், அவருக்கும் வருத்தம்தான், சட்டப்படி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் பிள்ளை வரைந்த படத்தையும் பையில் போட்டுக்கொண்டு எஃப் ரயில் ஏறினேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமே இல்லை, முறையாக எழுதி முறையாக வந்தவர்.

அடுத்து வேறொரு பதவிக்கு, இந்த முறை குயின்ஸ் புலவார்டில் இருக்கிற கணினித் தேர்வு மையத்துக்குப் போய் எழுதினேன். அதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அவர்கள் சரி என்று முடிவு செய்திருக்கும் விடையை நாம் பார்த்து, தவறு என்று தோன்றினால் காரணம் எழுதி எதிர்க்கலாம், அதற்குத் தனியாக ஒரு நாள் தருவார்கள். அதை விடாதீர்கள். இப்போது நிரந்தர வேலை, புரொபேஷனும் முடிந்துவிட்டது.

பெல்ரோஸ்_மீனா:

ரவி அண்ணா, படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. நல்லவேளை கேட்டேன், நானும் ஊர் அனுபவத்தை விட்டுவிடத்தான் இருந்தேன். என் பி.ஈ.யை அப்படியே ஏற்றுக்கொள்வார்களா? அப்புறம், என் தேர்வு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

ஸ்டேட்டன்_அக்கா:

சும்மா இருக்காதே மீனா. தகுதி இருக்கிற எல்லாத் தேர்வுக்கும் போடு, ஒன்றே ஒன்றை நம்பி உட்கார்ந்தால் வருடம் போய்விடும். கட்டணம் பதவிக்குத் தகுந்தபடி இருக்கும், மெடிக்கெய்டு, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு இருந்தால் விலக்கு கேட்கலாம்.

வெளிநாட்டுப் பட்டத்தை டிகாஸ் அங்கீகரித்த நிறுவனம் ஒன்று மதிப்பிட்டு நேராக அவர்களுக்கு அனுப்ப வேண்டும், நீ ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் செல்லாது. அதற்கும் கடைசித் தேதி உண்டு. ஊரிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர எவ்வளவு நாள் ஆகும் என்று உனக்கே தெரியும், அதனால் தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இன்றே ஆரம்பி. பழைய கம்பெனிகளிடம் அனுபவச் சான்றிதழையும் தேதியோடு வாங்கி வை.

இன்னொன்று, வீடு மாறினால் டிகாஸுக்கு உடனே முகவரி மாற்றம் தெரிவித்துவிடு. என் தங்கை மகன் பேஸ்மென்ட் வீட்டிலிருந்து மாறினான், நேர்காணலுக்குக் கூப்பிட்ட கடிதம் பழைய வீட்டுக்குப் போய் அங்கேயே கிடந்தது. பதில் வராததால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். எழுதிப் போட்டு, காரணம் சொல்லி, திரும்பச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பாலம்_பார்ப்பவன்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. பட்டியல் எந்த நம்பர்வரை வந்திருக்கிறது என்று மாநகர ஓப்பன் டேட்டா தளத்தையும் அவ்வப்போது பாருங்கள் மீனா.

பெல்ரோஸ்_மீனா:

எல்லாருக்கும் நன்றி. இந்த மாத அட்டவணையில் எனக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு தேர்வுகள் இருக்கின்றன, இரண்டுக்கும் இன்று இரவே போடுகிறேன். டிரான்ஸ்கிரிப்டுக்குத் தம்பியிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை காலையில் கிண்டிக்குப் போகிறான்.