மாலைதீவுப் படிவத்துக்கு 35 டொலர் கேட்கிறது, கட்டலாமா? அவசரம்

மருதமுனைத்தறி:
உம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மாலைதீவு போகிறோம். டிக்கெட் போட்டாச்சு. நாலு நாள் கடற்கரையில் சும்மா இருந்துவிட்டு வரத்தான். இப்போது ஏதோ படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பி முடிக்கும்போது கார்ட் நம்பர் கேட்கிறது, ஆளுக்கு 35 டொலராம். கட்டலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கல்லடிக்காற்று:
எந்த நாட்டுக் கடவுச்சீட்டு? எப்போது பிளைட்? மகளுக்கு எத்தனை வயது?

வாவிக்கரை:
படிவத்தை விடுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாகுமா? எல்லாப் பிரச்சினையும் அங்கேதான் தொடங்கும்.

பழையஆள்:
மாலைதீவுக் குடிவரவு கேட்பது ஒரு மாதம். சுற்றுலா விசா இறங்கிய இடத்தில் இலவசம், 30 நாள். இதை எத்தனை முறை எழுதுவது? அரசாங்கத் தளத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வந்து பதில் சொல்லப் பழகுங்கள்.

வாவிக்கரை:
என் மச்சானுக்கு மூன்று மாதம்தான் மிச்சம் இருந்தது. கவுண்டரில் கடவுச்சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். பிள்ளையோடு போகிறவர்களுக்கு அந்தத் தவிப்பு வேண்டாம். விமான நிறுவனத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

பொத்துவில்காரன்:
சும்மா இருக்க மாலைதீவு எதற்கு? நம் கிழக்குக் கரைப் பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் எவ்வளவு தூரம் நடக்கலாம்!

கல்லடிக்காற்று:
இந்த மாரியிலா? எங்கள் பக்கம் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் அங்கே நல்ல வெயில்.

பொத்துவில்காரன்:
மாரியை மட்டும் வைத்துக் கதைக்காதீர்கள். சித்திரை கழிந்தால் பாசிக்குடா குளம் மாதிரி. அறுகம்பை அலைக்கு உலகமே வருகிறது. நாங்கள்தான் நம் ஊரை விட்டு ஓடுகிறோம்.

பாடுமீன்:
அதைப் பிறகு பேசுவோம். தங்கச்சி, கார்ட் நம்பரைப் போடாதீர்கள்! அந்தப் பயணிகள் படிவத்துக்கு இமுகா (IMUGA) என்று பெயர், ஒரு சதமும் இல்லை. நீங்கள் திறந்த முகவரி எப்படி முடிகிறது? மாலைதீவு அரசாங்கத் தளம் என்றால் கவ்.எம்வி (gov.mv) என்று முடியும்; இல்லாவிட்டால் மூடிவிடுங்கள்.

மருதமுனைத்தறி:
டொட் கொம் என்று முடிகிறது காக்கா. இலங்கைக் கடவுச்சீட்டு, மகளுக்கு ஏழு வயது, பிளைட் இன்னும் 12 நாளில். முதலில் கவ்.எம்வியில்தான் போட்டேன், திகதியை எடுக்கவில்லை. அதனால்தான் கூகிளில் மேலே வந்ததைத் திறந்தேன்.

பாடுமீன்:
12 நாள் இருப்பதால்தான் எடுக்கவில்லை. பிளைட்டுக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும். மகளுக்கும் தனியாக. திரும்பி வரும்போது மறுகா ஒருமுறை. அதற்குள் திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, மூவரின் படம், கடவுச்சீட்டின் படப் பக்கம் எல்லாவற்றையும் போனில் சேர்த்து வையுங்கள். நிரப்பியதும் வரும் கியூஆர் குறியீட்டைத் தாளிலும் எடுங்கள்; சார்ஜ் இறங்கினால் உம்மாவோடு வரிசையில் நின்று தவிக்க வேண்டிவரும்.

இன்னொன்று. உம்மாவின் கடவுச்சீட்டு மக்காவுக்கு உம்ரா போக எடுத்ததா? எந்த நாடுகளுக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும் வரியை வாசித்துப் பாருங்கள்.

மருதமுனைத்தறி:
மத்திய கிழக்கு நாடுகளுக்கு மட்டும் என்று இருக்கிறது. யா அல்லாஹ்.

பாடுமீன்:
அதோடு மாலைதீவு போக முடியாது. 12 நாள் இருக்கிறது, பயப்படாதீர்கள். ஒரே நாளில் புதிய கடவுச்சீட்டு எடுக்கும் சேவைக்குப் பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களம் போங்கள், உம்மாவையும் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

பழையஆள்:
இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

மருதமுனைத்தறி:
உம்மாவுக்குப் புதியது கிடைத்துவிட்டது. மூன்று கியூஆரும் வந்துவிட்டன, காசு கேட்கவில்லை. பாடுமீன் காக்காவுக்கு துஆ செய்கிறோம். இரவு பஸ்ஸில் கட்டுநாயக்க விமான நிலையம் போகிறோம்.